சாயும், ஆனா கவிழாது

என் புள்ளைக்கு சோறு போட்டா போதும், படகுப் பேச்சு வந்துடும். முதல் பிடி வாய்க்குப் போறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவான். "அம்மா, அதுல பாயும் இருக்குது, மோட்டாரும் இருக்குது. காத்து இருந்தா பாயை விரிச்சிக்கலாம். காத்து இல்லன்னா மோட்டாரைப் போட்டுக்கலாம். எப்படியும் கரை வந்து சேந்துடலாம்." நான் ரசக் கரண்டியைத் தூக்கிகினு நிப்பேன். "முதல்ல ரசத்தை ஊத்திக்கடா, கரைக்கு அப்புறம் போவலாம்"னு கத்துவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். விசைத்தறி ஓடுற வீட்ல வாழ்க்கைப்பட்டவ மெதுவா பேசினா யார் காதுல விழும்?

நாங்க திருத்தணி. மலைக்குப் போற ரோட்டுக்குப் பின்னால, ஒரு சந்துல தறி போட்டு லுங்கி நெய்யிற குடும்பம். இந்த ஊர்ல தண்ணின்னா கோயில் குளம், அதை விட்டா லாரித் தண்ணி. இங்க பொறந்தவனுக்குப் படகு ஆசை எங்கேந்து வந்துச்சுன்னு கேட்டா, எல்லாம் படிப்பு பண்ண வேலை. மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்சிட்டு எண்ணூர் பக்கம் ஃபைபர் படகு செய்யிற பட்டறையில கொஞ்ச நாள் வேலை பாத்தான். அந்த நேரம் பாத்து என் வீட்டுக்காரருக்கு முட்டி போயிடுச்சு. தறியைப் பாத்துக்க ஆள் இல்ல, வாடான்னு கூப்ட்டோம். வந்துட்டான். ஒரு வார்த்தை எதுத்துப் பேசாம வந்தான். ஆனா நெனப்பெல்லாம் அங்கதான் இருந்துச்சு.

பட்டறையில அவனுக்கு ஒருத்தர் பழக்கம். கப்பல்ல இன்ஜினியரா இருந்து ரிடையர் ஆனவர், பழவேற்காட்டுல ஏரியோரமா வீடு கட்டிகினு தனியா இருக்கறவர். அவர்கிட்டதான் இந்தப் படகு இருந்துச்சு. வயசாயிடுச்சு, ஓட்ட முடியல. "நீ வந்து ஓட்டுப்பா, ஏரி பாக்க வர்றவங்களை ஏத்திகினு சுத்திக் காட்டு, படகு உன்னுதுன்னு வெச்சிக்க"ன்னு என் புள்ளைகிட்ட சொல்லியிருக்கார். ஒரே ஒரு பேச்சு மட்டும் கூட வெச்சிருக்கார்: உங்க நைனாவைக் கூட்டிகினு வா, அவர் ஏறிப் பாக்கட்டும், சரின்னு அவர் வாயால சொல்லட்டும். அந்த சரியைத்தான் என் புள்ளை கேட்டுகினே இருந்தான்.

படகு செஞ்ச கம்பெனிக்காரன் அடிச்ச பளபள பேப்பர் ஒண்ணை தறிக்கூடத்து சுவத்துல ஒட்டி வெச்சிருந்தான். அதுல இருந்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். மோட்டார்ல போனா ஆளு நல்லா மிதிக்கிற சைக்கிள் வேகம். லேசான காத்துக்கே பாய் இழுத்துகினு போவும். ஒரே ஆளு ஓட்டலாம், துணை வேணாம். அப்புறம் அந்தக் கடைசி வரி. அதைச் சொல்லும்போது மட்டும் சோத்துக் கையோட எழுந்து நின்னுடுவான். "எவ்வளவு காத்து அடிச்சாலும் சாயும், ஆனா கவிழாது நைனா. அடியில இரும்பை வார்த்து வெச்சிருக்கான். தானா நிமிந்துக்கும்."

அவங்க நைனா தலையைக் கூடத் தூக்க மாட்டாரு. "விக்கிறவன் கவிழும்னா சொல்லுவான்?"

"விக்கல நைனா, அவரு சும்மாதான்..."

"ஒத்தப் புள்ளையைப் பெத்து தண்ணிக்கு குடுக்க சொல்றியா? கம்முனு தறியில உக்காரு. தறி யாரையும் சாவடிக்காது."

அவருக்கு தண்ணின்னா பயம். நீச்சல் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு காவடி எடுத்துகினு வர்றவங்க குளத்துல குதிக்கிறதைப் பாத்தாலே கண்ணை மூடிப்பாரு. புள்ளை மேல ஆசை இல்லாம தடுத்தாருன்னு யாராவது சொன்னா நான் சும்மா விட மாட்டேன். ஆசை இருந்ததாலதான் தடுத்தாரு.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்க என்னால ஆவாது. போன வருஷம், ஒரு சாயந்தரம். லுங்கி மூட்டையை வண்டியில கட்டிகினு ஆர்.கே.பேட்டையில கொண்டு போய் போட்டுட்டு வர்றேன்னு கெளம்பினான். மூட்டையைக் கட்டிக் குடுத்தது அவங்க நைனா. ரோட்டோரமா கரும்பு ஏத்தின டிராக்டர் ஒண்ணு பின்னால லைட்டு இல்லாம நின்னுகினு இருந்துச்சு. அவ்ளோதான். அந்த வண்டியை வாங்கின அன்னிக்கு மலை மேல கொண்டு போய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சி, பூசணிக்கா உடைச்சி, பூஜை போட்டுதான் ஓட்டினோம். முருகா, உனக்கு கண்ணு இல்லியான்னு அன்னிக்கு கேட்டவதான். அதுக்கப்புறம் நான் மலைக்குப் போவல. தெருவுல இருந்து பாத்தா கோபுரம் தெரியுது. முகத்தைத் திருப்பிகினு போயிடுவேன்.

துக்கம் கேக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் என் வீட்டுக்காரரு ஒரே பேச்சுதான் பேசுவாரு. "இவனுக்கு ஆயுசு அவ்ளோதான். நான் மட்டும் சரின்னு சொல்லியிருந்தா படகுல போயிருப்பான், அது கவிழ்ந்து தண்ணியில போயிருப்பான். முகம் கூட கெடைச்சிருக்காது. ரோட்ல போனதால முகமாவது பாத்தோம்." வந்தவங்க தலையை ஆட்டிட்டு காபி குடிச்சிட்டுப் போவாங்க. ஒரு நாள் தாங்காம கேட்டேன், "அது கவிழும்னு உங்களுக்கு யாரு சொன்னது? புள்ளை கவிழாதுன்னு சொன்னான்ல? அப்போ அவன் சொன்னது பொய்யா?" அவரு எழுந்து தறிக்குப் போயிட்டாரு.

இதுதான் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்துச்சு, வேற எதுவும் இல்ல. படகு கவிழும்னு இருந்தாதான் அவரு சோறு திங்க முடியும். படகு கவிழாதுன்னு இருந்தாதான் என் புள்ளை பேச்சுக்கு மதிப்பு. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும், பாருங்க.

அவன் ஃபோனை நான் அணைக்கவே இல்ல. சார்ஜ் போட்டு போட்டு வெச்சிகினு இருந்தேன், ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. வருஷ திதி முடிஞ்ச கையோட அது அடிச்சுது. அந்தப் படகுக்காரர்தான். விஷயம் அவருக்குத் தெரியல. கண் ஆபரேஷனுக்கு பொண்ணு வீட்டுக்கு எங்கேயோ வெளியூர் போனவர், ஒரு வருஷமா அங்கயே தங்கிட்டு அப்போதான் திரும்பியிருக்கார். "இன்னாப்பா, ஆளையே காணோம்? நைனாவைக் கூட்டிகினு வர்றேன்னு சொன்னியே"ன்னாரு.

"நைனா இருக்காரு சார்"னு சொன்னேன். "புள்ளைதான் இல்ல."

அந்தப் பக்கம் அழற சத்தம் கேட்டுச்சு. நான்தான் அவரைத் தேத்தினேன், என் தலையெழுத்தைப் பாருங்க. ஃபோனை வெக்கறதுக்கு முன்னாடி என் வாய் தானா ஒண்ணு சொல்லிச்சு. "நாங்க வர்றோம் சார். அந்தப் படகுல ஒரு தடவை ஏறிப் பாக்கணும்."

வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடணும்னு நெனச்சிகினு போனேன். அவரு உடனே சரின்னுட்டாரு. "ஆங், போலாம். பாத்துடலாம்"னாரு. எதைப் பாக்க வர்றாருன்னு எனக்குத் தெரியும். நான் எதைப் பாக்கப் போறேன்னு அவருக்கும் தெரியும்.

காவடிக் கூட்டம் எல்லாம் கலைஞ்சி ஊர் காலியான வாரம், தறியை நிறுத்திட்டு கெளம்பினோம். திருவள்ளூர்ல ஒரு பஸ் மாறி, பொன்னேரியில ஒரு பஸ் மாறி, பழவேற்காடு. புளிசாதம் கட்டிகினு போயிருந்தேன், பொன்னேரி பஸ் ஸ்டாண்டுல டப்பாவைத் தொறந்துட்டு அப்படியே மூடி வெச்சிட்டேன்.

படகு வெள்ளையா, பக்கத்துல ஊதா கோடு போட்டு, சின்னதா இருந்துச்சு. நடுவுல தலையைக் குனிஞ்சிகினு உக்கார ஒரு சின்ன அறை, முன்னால பாய் கட்டற குட்டையான கம்பம், அதுல சுருட்டின பாய். என் புள்ளை பேச்சுல இதை எத்தினி தடவை பாத்திருப்பேன். இதுக்கா இவ்ளோ ஏங்கினே ராஜா? என் வீட்டுக்காரரு நேரா பாய்கிட்ட போனாரு. துணிக்காரரு இல்ல? ரெண்டு விரலால கசக்கிப் பாத்துட்டு, "நூலே இல்ல, எல்லாம் பிளாஸ்டிக்"னு உதட்டைப் பிதுக்கினாரு. படகுக்காரர் எங்களுக்கு ஆரஞ்சு சட்டை மாட்டிவிட்டார், மிதக்கறதுக்கு. தொப்பி போட்டுகினு, வாய் ஓயாம பேசற மனுஷன். படகைப் பத்திப் பேசினா துக்கம் மறந்துடும் போல அவருக்கு.

ஏரியில தண்ணி முழங்கால் ஆழந்தான்னாரு. அதனால கடல் வந்து கலக்கற முகத்துவாரத்துப் பக்கம், ஆழமா இருக்கற கால்வாய்ல போனோம். முதல்ல மோட்டார். தடதடன்னு சத்தம், பொகை வேற. எங்க பின்னால வந்த மீன்காரங்க படகு ஒண்ணு எங்களைத் தாண்டிப் போயே போயிடுச்சு. அதுல இருந்தவங்க கையை ஆட்டிட்டுப் போனாங்க. "அடியில பாசி புடிச்சிருக்கு, சுரண்டணும், அப்போ இன்னும் வேகம் வரும்"னாரு படகுக்காரர். "சைக்கிள் வேகமாம்"னாரு என் வீட்டுக்காரரு, என் காதுகிட்ட. "பஞ்சர் ஆன சைக்கிள்."

அப்புறம் மோட்டாரை நிறுத்திட்டு பாயை ஏத்தலாம்னாரு படகுக்காரர். ஒரே ஆளு ஓட்டலாம்னு பேப்பர்ல போட்டிருக்கே, அந்த மனுஷனால தனியா பாயைத் தூக்கவே முடியல. கயிறு எங்கேயோ மாட்டிகிச்சு. "சார், கொஞ்சம் ஒரு கை குடுங்க"ன்னு கெஞ்சினார். என் வீட்டுக்காரரு முட்டி வலியோட எழுந்து இழுத்துக் குடுத்தாரு. பாய் ஏறிச்சு. ஏறி, தொங்கிகினு நின்னுச்சு. லேசான காத்துக்கே இழுக்கும்னு சொன்னாங்களே, காத்து லேசாதான் இருந்துச்சு, படகு நவுறவே இல்ல. தண்ணியில மெதந்து வந்த ஒரு தேங்கா மட்டை எங்க கூடவே இருந்துச்சு.

மூணும் பொய்யாப் போச்சு. என் வீட்டுக்காரர் முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு. சந்தோஷம்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாளா தூக்கிகினு இருந்த பாரத்தை கொஞ்ச நேரம் கீழ வெச்சவன் முகம் எப்படி இருக்கும், அப்படி. என் கையைப் புடிச்சாரு, ஒரு வருஷத்துல முதல் தடவையா. "பாவம்மே, குழந்தை. பேப்பரைப் பாத்து ஏமாந்துட்டான்"னாரு. அதை அவரு கோவமா சொல்லியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பேன். பாசமா சொல்லிட்டாரு. எனக்கு பொத்துகினு வந்துச்சு அழுகை. முந்தானையை வாயில அடைச்சிகினேன். என் புள்ளை எழுந்து நின்னு சொன்னதெல்லாம் இந்த தேங்கா மட்டைக்குதானான்னு இருந்துச்சு.

கையை சும்மா வெச்சிகினு உக்கார என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. பாயோட கயிறு முனையை நானே புடிச்சிக்கறேன்னு வாங்கிகினாரு. படகுக்காரர் ரெண்டு தடவை சொன்னார், "காத்து வேகமா வந்தா நான் விடுங்கன்னு சொல்லுவேன், சட்டுனு விட்டுடணும், கையில சுத்திக்கக் கூடாது." "ஆங், ஆங்"னாரு.

மேற்கால கறுத்துகினு வந்ததை நாங்க யாரும் பாக்கல. ஆடி மாசத்துக் காத்து சொல்லிட்டா வருது? தண்ணி மேல ஒரு கறுப்பு கோடு ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு, அடுத்த நிமிஷம் பாய் டமார்னு வெடிச்ச மாதிரி விரிஞ்சிச்சு. "விடுங்க சார்! கயிறை விடுங்க!"

அவரு விடல.

தறி தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். தறியில நீளமா ஓடற பாவு நூல் தளந்தா துணி போச்சு. நூல் கையை அறுத்தாலும் தளத்தக் கூடாது, இழுக்க இழுக்க இறுக்கிப் புடிக்கணும். பொறந்ததுலேந்து அந்தக் கைக்கு அது ஒண்ணுதான் தெரியும். கயிறு இழுக்குது, அவரு இன்னும் ஒரு சுத்து கையில சுத்திகினாரு. "ஐயோ விடுங்க"ன்னு நானும் கத்தறேன். படகு சாயுது, சாயுது, சாஞ்சிகினே போவுது. ஒரு பக்கத்து விளிம்பு தண்ணிக்குள்ள போயிடுச்சு. மடி மேல தண்ணி ஏறுது. புளிசாத டப்பா மெதந்து போவுது. நான் எதையோ கட்டிப் புடிச்சிகினு அவரு முகத்தைத்தான் பாத்தேன். அந்த முகத்துல பயமே இல்ல. தண்ணின்னா கண்ணை மூடற மனுஷன், கண்ணை அகல தொறந்து தண்ணியையே பாத்துகினு இருந்தாரு. கவிழட்டும்னு புடிச்சிகினு இருந்தாரோ, தறிக்காரன் கை விடத் தெரியாம புடிச்சிகினு இருந்துச்சோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் கேக்கவும் மாட்டேன்.

முருகான்னு கத்தினேன். ஒரு வருஷமா பேசாம இருந்தவ.

படகு அதுக்கு மேல சாயல. அப்படியே ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் யாரும் திருப்பாமலே அதுவே மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பிகினு, தண்ணியை உதறிகினு, மெதுவா நிமிந்து உக்காந்துச்சு. பாய் படபடன்னு அடிச்சிகினு இருந்துச்சு. நாங்க மூணு பேரும் நனைஞ்சி போய் உயிரோட உக்காந்துகினு இருந்தோம்.

"பாத்தீங்களா!" படகுக்காரர் குதிக்கறார். "சாயும், ஆனா கவிழாது! நீங்க விடாம புடிச்சும் நிமிந்துச்சு பாத்தீங்களா! தம்பி சொல்லியிருப்பானே உங்ககிட்ட, அவனுக்கு இந்தப் படகைப் பத்தி..." தொப்பியைக் கழட்டி மடியில வெச்சிகினார்.

என் வீட்டுக்காரர் கையில கயிறு அறுத்து ரத்தம் சொட்டுது. அதை அவரு பாக்கவே இல்ல. "இன்னொரு தடவை பண்ணுங்க சார்"னாரு.

"சார், கை..."

"இன்னொரு தடவை. இது ஏதோ தப்பிச்சிகிச்சு. இன்னொரு தடவை சாச்சிப் பாருங்க. கும்புடறேன் சார்." ரத்தக் கையோட கும்புட்டாரு.

"எத்தினி தடவை பண்ணாலும் நிமிரும் சார்"னாரு படகுக்காரர், மெதுவா. மோட்டாரைப் போட்டு கரைக்குத் திருப்பிட்டார்.

கரையில வலை காயப்போட்டிருந்த மணல்ல போய் என் வீட்டுக்காரரு உக்காந்தாரு. முட்டி மடங்காதவரு, எப்படி உக்காந்தாருன்னு தெரியல. ஒரு வருஷமா அழாத மனுஷன். எல்லாருக்கும் காபி குடுத்து, ஆயுசு அவ்ளோதான்னு பேசி அனுப்பின மனுஷன். மணலைக் கையால அள்ளி அள்ளி மடியில போட்டுகினு அழறாரு. "கவிழல, பாத்தியா? கவிழலம்மே. இதுல போயிருந்தா இருந்திருப்பான். மூட்டையை நான்தானே கட்டினேன்? இறுக்கி இறுக்கி நான்தானே கட்டினேன்?" இதையே திருப்பித் திருப்பி சொன்னாரு. வாயில எச்சி ஒழுவுது.

நான் ஜெயிச்சிட்டேன். எதுக்கு பஸ் ஏறி வந்தேனோ அது கெடைச்சிடுச்சு. புள்ளை சொன்னது நிஜம், பாத்துகினீங்களான்னு அவரு முகத்துக்கு நேரா கேக்கணும்னு ஒரு வருஷமா வெச்சிகினு இருந்த வார்த்தை நாக்கு நுனியில இருந்துச்சு. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவரைப் பாத்தா, இந்த மனுஷன் இன்னிக்கு வீட்டுக்கு வந்து சேர மாட்டாருன்னு எனக்குத் தோணிடுச்சு. வந்தாலும் உக்கார மாட்டாரு, திங்க மாட்டாரு. ஒண்ணைக் குடுத்துட்டு நிக்கறவ நான். இன்னொண்ணையும் குடுக்க என்கிட்ட தெம்பு இல்ல.

பக்கத்துல உக்காந்தேன். "தோ பாருங்க. அழுகையை நிறுத்திட்டு நான் சொல்றதைக் கேளுங்க. இது ஏரி. அலை கெடையாது. ஏரியில நிமிரும், கடல்ல நிமிராது. சார்தான் இப்போ என்கிட்ட சொன்னாரு. நம்ம புள்ளை ஏரியோட நின்னிருப்பானா? அவன் புத்தி உங்களுக்குத் தெரியாதா? கடலுக்குதான் போவணும்னு என்கிட்ட சொல்லிகினே இருந்தான். போயிருப்பான். கவிழ்ந்திருக்கும்."

அவன் என்கிட்ட கடல்னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஏரிதான். எப்பவும் ஏரிதான்.

ரெண்டடி தள்ளி படகுக்காரர் டவல் எடுத்துகினு நின்னுகினு இருந்தார். நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சு. அந்தப் படகு அவருக்கு இன்னொரு புள்ளை மாதிரி, வாயைத் தொறந்தார். நான் அவரைப் பாத்த பார்வையில வாயை மூடிகினார். என் வீட்டுக்காரரு தலையைத் தூக்கி, "அப்டியா சார்? கடல்ல நிமிராதா?"ன்னு கேட்டாரு, சின்னப் புள்ளை கேக்கற மாதிரி.

படகுக்காரர் ஏரியைப் பாத்துகினு, "நிமிராது சார்"னாரு.

இப்பவும் கேப்பாரு. கரண்ட் போயி தறி நிக்கும்போது, இல்ல சோத்துல கை வெச்சிட்டு அப்படியே உக்காந்துகினு, "கடல்ல கவிழ்ந்திருக்கும் இல்லம்மே?" "ஆங், கவிழ்ந்திருக்கும்." "முகம் கூட கெடைச்சிருக்காது." "ஆங், கெடைச்சிருக்காது. சாப்புடுங்க." அதுக்கப்புறம் சாப்புடுவாரு. செத்துப்போன புள்ளையை தெனம் ஒரு தடவை பொய்யனாக்கிட்டு, உசுரோட இருக்கறவருக்கு நான் சோறு போடறேன். வேற வழி தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

அவரு படிக்கறவரு இல்ல, புஸ்தகத்தைத் தொட மாட்டாரு. அந்த தைரியத்துலதான் இதை எழுதறேன். வேற யார்கிட்டயும் சொல்ல முடியாது, இங்கதான் சொல்ல முடியும். படகு நிமிந்துச்சு. என் புள்ளை பொய் சொல்லல.